சமைந்த கிணறு

கிணற்றில் மருந்து போடுகிறவனுக்கு அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. சுகாதார வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடை. ஓடைப்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூரில் வாந்திபேதி. மருந்து போட நான் போன அன்றுதான் வெள்ளையம்மாளின் மூத்த மகனைப் புதைத்திருந்தார்கள். மிச்சம் ஒரு மகள்.

வாசல்

வீட்டுக்கு வீடு நிலையில் வேப்பிலை. கிருமியைத் தடுக்கவாம். "அது கண்ணுக்குத் தெரியாது. வாசல் வழியா வராது. வாய் வழியா வரும். தண்ணியில கிடக்கும், ஈ கொண்டாந்து சோத்துல வைக்கும். முழுங்கினா குடல்ல குடியேறிப் பெருகும்" என்றேன். கூட்டம் கலைந்தது. வெள்ளையம்மாள் மட்டும் நின்றாள்.

"கண்ணுக்குத் தெரியாதுங்கறீக. நீங்க எப்படிப் பாத்தீக?"

ஆஸ்பத்திரியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கதிரரிவாள் மாதிரி வளைந்திருக்கும் என்றேன்.

"அதான் எம்மகன் குடலை அறுத்திருச்சு."

தீட்டு

சாயங்காலம் ஊர்க்கிணற்றில் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் மருந்தைக் கரைத்து ஊற்றினேன். விடிந்தபோதும் சிவப்பு முழுக்க இறங்கவில்லை. குடத்தோடு வந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். ஒரே சிரிப்பு. கிணறு வயசுக்கு வந்து சமைந்துவிட்டதாம்.

கேலி என்று நினைத்தேன். குடங்கள் ஓடைப் பக்கம் திரும்பின. பேதித் துணி அலசிய ஓடை. தொண்டை கிழியக் கத்தினேன். நாட்டாமை நிதானமாக வந்தார்.

"தீட்டுக் கழியட்டும் அய்யா. குமரிக்கு ஒரு நியாயம், கிணத்துக்கு ஒரு நியாயமா?"

மாமன்

வெள்ளையம்மாளின் மகளும் ஓடைக்குக் கிளம்பினாள். தாய்க்காரி ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கினாள். "அங்கன அரிவா கிடக்குடி."

நேரே கிணற்றடிக்கு வந்தாள். நாட்டாமை தடுத்தார். "எம் வீட்டுல சாவுத் தீட்டு. தீட்டுக்குத் தீட்டு ஒட்டுமா? தள்ளுங்க" என்றாள். அவர் விலகினார். இறைத்தாள். இளஞ்சிவப்புத் தண்ணீர். முதல் சொம்பை என்னிடம் நீட்டினாள்.

"சமைஞ்ச புள்ளைக்கு மாமன் வேணும்ல. மருந்து போட்டவக தான் மாமன். குடிங்க."

அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் தண்ணீர். துவர்ப்பு. முகம் சுளிக்காமல் குடித்தேன். ஓடைக்குப் போனவர்கள் பாதி வழியில் நின்று பார்த்தார்கள். வெள்ளையம்மாள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம். பிறகு மகளிடம் சொம்பைக் கொடுத்தாள்.

"மாமன் விழலை. நீயும் குடி, ஆத்தா."

வாந்திபேதிக் கிருமி எந்த ஊரிலும் வாய் வழியாகத்தான் நுழைகிறது. மருந்துதான் ஊருக்கு ஊர் வேறு வழி கேட்கிறது.