கன்னியப்பன் செய்த டயர் மிஷின்

கன்னியப்பன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். நாலு மணிக்குத் திருவொற்றியூரில் எடுக்கிறார்களாம்.

இப்போது மணி ஒன்று. ஆட்டோ மூன்று மணிக்குத்தான் வரும். கேட்டுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்... போட்ட காபி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

"நீங்க சொல்லுங்க அத்தை, நான் டைப் பண்றேன்" என்றாள் மருமகள். வேண்டாம் என்றேன். இதை நானேதான் எழுத வேண்டும்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஐம்பதுகளில் என் கணவர் திருவொற்றியூர் ஹைரோடில் டயர், பஞ்சர் ஷெட் வைத்திருந்தார். ஹார்பருக்குப் போகிற வேன், டாக்ஸி எல்லாம் எங்களிடம்தான் வரும். கன்னியப்பன் அங்கே டயர் மாட்டுகிறவர். அவருக்கும் என் வயதுதான்.

அப்போது ஒரு டயரைக் கழற்ற மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் கடப்பாரையால் நெம்புவார்கள், ஒருவர் டயர் மேல் ஏறிக் குதிப்பார். பார்க்கச் சகிக்காது.

ஒரு நாள் கன்னியப்பன் ராயபுரம் பழைய இரும்புக் கடையிலிருந்து கைவண்டியில் ஒரு குவியலைக் கொண்டுவந்து இறக்கினார். கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சிலிருந்து கழித்த தண்டு. ஒரு லாரி பிரேக் டிரம். ஆள் உயர இரும்பு பைப். உடைந்த ஸ்பிரிங் பட்டை.

"இன்னா கன்னியப்பா, கப்பல் கட்டப் போறியா?" என்றார் என் கணவர்.

"இல்ல மொதலாளி. ஒத்த ஆளா டயர் கழட்டுற மிஷினு."

படம் நான் போட்டுக் கொடுத்தேன். கான்வென்ட்டில் ஜியாமெட்ரியில் நான்தான் ஃபர்ஸ்ட். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டிரம்முக்குள் சிமென்ட் கொட்டி நடுவில் தண்டை நிறுத்தினோம். அதில் சக்கரத்தைப் படுக்க வைக்க வேண்டும். பைப்தான் நெம்புகோல். அதன் முனையில் வளைத்துப் பொருத்திய ஸ்பிரிங் பட்டை டயர் விளிம்பை அமுக்கி, ரிம்மிலிருந்து பிரித்துவிடும். எல்லாமே அந்த வளைவில்தான் இருந்தது. அதை மூன்று முறை திருப்பி அனுப்பினேன்.

"டீச்சரம்மா, டயரு கழட்டப் போறோமா, ஜாக்கெட்டு தைக்கப் போறோமா?" என்றார். நான் டீச்சர் இல்லை. அது அவர் வைத்த பெயர்.

"நாலாவது தடவை சரியா இருக்கணும்."

"சரியாத்தான் கீதும்மா."

"இருக்குன்னு சொல்லுங்க."

"சரிம்மா. இருக்குன்னே கீது."

ஷெட்டே சிரித்தது. நானும்... கொஞ்சம்.

முதல் டயரை அவர் தனியாகக் கழற்றினார், வாயில் பீடியோடு. பக்கத்து ஷெட்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

டயர் வழுக்கி இறங்குவதற்காக விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஒரு நாள் சோப்பு தீர்ந்துவிட்டது. நான் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குள் போய் மீன் எண்ணெய் டின்னை எடுத்து வந்தேன். என் அப்பா கத்திவாக்கத்தில் படகு வைத்திருந்தவர். படகு மரத்துக்கு அந்த எண்ணெய்தான் பூசுவோம். மரத்துக்கு நல்லது, இரும்புக்கு நல்லது. ரப்பரை மட்டும் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

"நாறும்மா. சோப்பு வர்ற வரைக்கும் வேல நிக்கட்டுமே" என்றார் கன்னியப்பன்.

"சொன்னதைச் செய்யுங்க" என்றேன்.

நன்றாகத்தான் வழுக்கியது. அதற்குப் பிறகு எண்ணெயே வழக்கமாகிவிட்டது.

இரண்டு மாதத்தில் டியூப்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஓரமெல்லாம் உப்பி, கொழகொழத்து, கிழிந்து...

"கன்னியப்பன் மிஷின் டியூபைக் கடிக்குது" என்று ஹைரோடு முழுக்கப் பேச்சு. என் கணவர் அதை நம்பினார். கன்னியப்பனும் நம்பினார். தினமும் அந்த வளைவை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு டியூப் துண்டைச் சரிபாதியாக வெட்டினேன். ஒன்றைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்திலும் இன்னொன்றை மீன் எண்ணெய்க் கிண்ணத்திலும் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். ஐந்தாம் நாள் எண்ணெயில் கிடந்த துண்டு உப்பி, மற்றதைவிடப் பெரிதாகியிருந்தது. விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது.

அன்று மத்தியானம்தான் என் கணவர் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். மிஷினைப் பிரித்து அதே இரும்புக் கடைக்கு அனுப்பினார். நான் அந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு உள்ளேயே நின்றேன்.

புதுசாக வந்த வீடு, சின்ன வயது... அதெல்லாம் காரணமில்லை. நான் தப்பு செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லி மறுநாளே சோப்பு வாங்க வைத்தேன். மிஷினும் போனது, எண்ணெயும் போனது, டியூப் கெடுவதும் நின்றது. "பாத்தியா?" என்றார் என் கணவர்.

கன்னியப்பன் எண்ணூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் தன் கையால் எந்த மிஷினும் செய்து பார்த்ததில்லை என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னார்.

நாற்பது வருஷம் கழித்து, என் கணவர் இறந்தபோது கன்னியப்பன் வந்திருந்தார். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாக, "அந்த வளைவுல இன்னும் ஒரு நூல் அளவு தேச்சிருக்கணும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

போன மாதம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவர் மகளிடம் சொன்னேன். வெயில் என்று போகவில்லை. அடுத்த ஞாயிறு முழங்கால் வலி...

மணி இரண்டே முக்கால். மறுபடியும் கேட் வரை போய் வந்தேன். அவர் பிள்ளைகளும் பேரன்களும் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். கீழே கமென்டில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

ஆட்டோ வந்துவிட்டது.

போய் வாங்க, கன்னியப்பன். டியூபைக் கெடுத்தது நான் கொடுத்த எண்ணெய்.

உங்க வளைவு சரியாத்தான் கீது.