கேட்காமலே எழுதிய பதில்

1958 ஆகஸ்ட் 12, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தே காலுக்குக் காவிரியில் குளியல், ஆறு மணிக்குக் காபி, ஏழு நாற்பதுக்கு ஸ்ரீரங்கத்தில் பஸ். இதில் என்றும் மாற்றமில்லை.

அன்று பொன்மலை ரயில்வே காலனியில், ஆங்கிலோ-இந்தியர் — ஊர்ப் பேச்சில் சட்டைக்காரர் — வீடுகளில் சர்வே. சிறுபான்மையினரிடையே குடி எவ்வளவு, அதனால் வரும் நோய் எவ்வளவு என்று எங்கள் சுகாதார ஆபீஸ் ஆராய்கிறது. பாரத்தில் ஒன்பதாம் கட்டம் — குடிப்பழக்கம் உண்டா? மதுவிலக்கு உள்ள ஊரில் யார் 'உண்டு' என்பார்கள்? ஆகவே கிளம்புமுன்பே எல்லாப் பாரத்திலும் 'உண்டு' என்று மையால் எழுதிவிட்டேன். நேரம் மிச்சம். சட்டைக்காரர் வீட்டில் குடி இல்லாமலா?

பத்தரைக்கு மிஸஸ் டோரத்தியின் வீடு. கணவர் ஹாரி, ஓய்வு பெற்ற ரயில் டிரைவர், நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கண் மஞ்சள். வயிறு வீங்கியிருந்தது.

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடியை விட்டுட்டு வாங்க, பெட் தரோம்ங்கிறாங்க. தொட்டதே இல்லாத மனுஷன் எதை மேன் விடுறது?" என்றார் அந்த அம்மாள்.

"அங்கே சொல்லலையா?"

"கேட்டாத்தானே சொல்ல? பேரைப் பார்த்தாங்க, சீட்டுல எழுதிட்டாங்க."

ஹாரி கண் திறக்காமலே சொன்னார்: "கிறிஸ்மஸ் பார்ட்டியிலகூட நான் கலர் சோடாதான் குடிப்பேன். எஞ்சின் ஷெட்ல அத்தனை பேரும் சிரிப்பானுங்க..."

அம்மாள் என் மடியிலிருந்த பாரத்தை எட்டிப் பார்த்தார். "என்ன மேன் இது? இன்னும் ஒரு கேள்வியும் கேக்கல. அதுக்குள்ள எழுதியாச்சா?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அக்ரகாரத் தெரு சர்வேயில் இல்லை. மூன்றாம் வீட்டுப் பெரியவரிடம் மது வாங்க சர்க்கார் பெர்மிட் இருக்கிறது. தினமும் பிராந்தி — 'மருந்து'க்காக! போன மாதம் அவருக்கும் இதே மஞ்சள், இதே வீக்கம், இதே ஆஸ்பத்திரி. கூடப் போனவன் நான்தான். அன்றே பெட் கிடைத்தது. சீட்டில் 'வேலைக் களைப்பு' என்று இருந்தது. அவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விலாசத்தைப் பார்த்தார்கள், எழுதிவிட்டார்கள்.

கையெழுத்து அழகாக இருந்தால் பொய்கூட ரிக்கார்டு ஆகிவிடுகிறது. என் கையெழுத்து மிக அழகு.

மறுநாள் காலை குளியல் இல்லை, காபி இல்லை. முதல் பஸ்ஸில் போய், ஹாரியை ஜட்கா வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி ஜன்னல் முன் நிறுத்தினேன். சீட்டு எழுதுபவர் தலை நிமிராமல் என்னிடம், "குடி... உண்டுதானே சார்?" என்றார்.

"என்னை ஏன் கேக்கறீங்க? அவரைக் கேளுங்க."