இன்னும் வடிவாப் பார்க்கேல்லை

சண்டை முடிந்து மூன்று நாலு வருடம் இருக்கும். தவக்காலம். ஆலங்குடாவுக்குக் கொஞ்சம் தள்ளி, கற்பிட்டி றோட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலில்தான் இது நடந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன். அதனால்தான் சொல்லாமல் எழுதுகிறேன்.

நாங்கள் சண்டைக்குள் மன்னார்க் கரையிலிருந்து வந்து இங்கே இருந்துவிட்டவர்கள். என்ரை மனிசன் தொழிலுக்குப் போய்த் திரும்பி வராமல் கடலோடு போன பிறகு நான் வாடியில் கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போகத் தொடங்கினேன். போகிற வழியில் கோயில். காலையில் உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆண்டவருக்கு முன்னால் இருந்துவிட்டுத்தான் போவேன். செபம் என்று பெரிதாக ஒன்றும் சொல்லுவதில்லை. அவரைப் பார்ப்பேன், அவ்வளவுதான். மனிசன் போன வருடம் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அந்த ஐந்து நிமிடத்தால்.

அந்த வருடம் தியானம் கொடுக்க கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். சுவாமியார் இல்லை, எங்களைப் போல வீடு வாசல் உள்ளவர்தான். ஆனால் நன்றாகப் பேசுவார் என்றார்கள். கோயில் வாசலில் பெரிய எழுத்தில் கட்டியிருந்தார்கள்: கடவுளின் அழகைத் தியானிப்போம். அதை எழுத்துக் கூட்டி வாசித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோசம். நான் தினமும் செய்கிற ஒன்றைப் பற்றி ஒருவர் வந்து சொல்லித் தரப் போகிறார் என்று நினைத்தேன். அரை நாள் லீவு கேட்டு, கருவாட்டு மணம் போக இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, மூன்று மணிக்கே போய் பொம்பிளைகள் பக்கத்தில் பாயில் இருந்துவிட்டேன்.

சுவாமி வந்து, ஆண்டவராக நாங்கள் கும்பிடுகிற நற்கருணை அப்பத்தைப் பொன் கதிர்ப்பாத்திரத்தில் வைத்து ஆராதனையைத் தொடக்கிவிட்டு, அடுத்த ஊர்க் கோயிலில் பூசை இருக்கிறது என்று போய்விட்டார். அவருக்கு நாலு கோயில், பாவம். அவர் போனதுதான் தாமதம், பிரசங்கியாரின் ஆட்கள் ஒரு வெள்ளைத் திரையைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். எங்கே? பொம்பிளைகள் பக்கத்துக்கு நேர் முன்னால். கதிர்ப்பாத்திரம் முழுக்க மறைந்துவிட்டது!

பிறகு படம் காட்டத் தொடங்கினார்கள். பனி மலை, நீர்வீழ்ச்சி, எங்கேயோ ஒரு நாட்டுப் பூந்தோட்டம், மான் குட்டி. இரண்டு சொல்லுக்கு ஒரு படம். ஒன்றைப் பார்த்து முடிக்கவிடாமல் மற்றது வந்து விழும். வெளியே நூறு அடியில் கடல் கிடக்கிறது. அதில் ஒரு படம் இல்லை. நான் பனி மலை பார்க்கவா குளித்துவிட்டு வந்தேன்? திரைக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. தலையைச் சரித்துச் சரித்து அதற்குள்ளால் ஆண்டவரைப் பார்க்கப் பாடுபட்டேன்.

பின்னால் இருந்த ஒருத்தி என் தோளில் தட்டினாள். "ஆச்சி, தலைய எடுங்க. படம் மறைக்குது."

படத்தை நான் மறைக்கிறேனாம்! படம் யாரை மறைக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் கோயில் வாசல் மேற்கே கடலைப் பார்த்தபடி இருக்கும். பின்நேரம் ஆக ஆக வெயில் சரிந்து வாசலால் உள்ளே வந்தது. வந்து அந்த இடைவெளிக்குள்ளால் போய் கதிர்ப்பாத்திரத்தில் பட்டது. சுற்றிவர எல்லாம் மினுங்குகிறது. நடுவில் மட்டும் ஒரு மினுக்கமும் இல்லாத வெள்ளை அப்பம், சருகு போல மெல்லிசாக. ஒரு பூவில்லை, ஒரு எழுத்தில்லை. இவ்வளவு பெரியவர், எங்களுக்குப் பயம் வரக் கூடாது என்றுதானே இவ்வளவு சின்னதாக வந்து இருக்கிறார் என்று நினைத்தேன். என்ரை கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து பிரசங்கியார் எல்லாரும் கடவுளின் அழகைப் பற்றி ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்று சொல்லி மைக்கை ஆட்களுக்குள் அனுப்பினார். நீர் மகிமையானவர், மாட்சிமை மிக்கவர் என்று எல்லாரும் புத்தகத்தில் இருப்பது போலச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மைக் என் மடியில் வந்து விழுந்தது. வேறு நாள் என்றால் பாம்பைத் தொட்டது போல அடுத்தவளிடம் கொடுத்திருப்பேன். அன்றைக்கு என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"ஆண்டவரே, நீங்கள் சரியான வடிவு."

என்ரை குரல் கோயில் முழுக்கக் கேட்டது. பிறகு சிரிப்பு. முதலில் இளம் பெட்டைகள் சிரித்தார்கள். பிறகு ஆம்பிளைகள். எங்கள் கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிற அண்ணாவியார் இருக்கிறாரே, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிரசங்கியாரும் சிரித்தார். சிரித்துவிட்டு மைக்கில் சொன்னார்: "ஆச்சி, வடிவு எண்டு பொண்ணு பார்க்கப் போற எடத்துல சொல்லுறது. சேலைக்குச் சொல்லுறது. ஆண்டவருக்கு அப்படிச் சொல்லக் கூடாது. மாட்சிமை எண்டு சொல்லுங்க பார்ப்போம்."

நான் சொல்லவில்லை. நற்கருணை வைத்திருக்கும்போது எழும்பிப் போவதென்றால் இரண்டு முழங்காலையும் ஊன்றிக் கும்பிட்டு, நாலு அடி பின்பக்கமாகவே நடந்து பிறகு திரும்புவது எங்கள் பழக்கம். சின்ன வயது தொடக்கம் அதைத் தவறவிட்டதில்லை. அன்றைக்கு நான் மைக்கைப் பாயில் போட்டேன், எழும்பினேன், முதுகைக் காட்டிக்கொண்டு நேரே வாசலால் வெளியே நடந்தேன்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த மகள் கத்தினாள். "அம்மா, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்தானே? எனக்குத் தலைகாட்ட ஏலாமல் கிடக்கு."

"நீயும் சிரிச்சனியா?" என்று கேட்டேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள். அதிலேயே மறுமொழி தெரிந்தது.

அடுத்த நாளே எனக்குப் பட்டப் பெயர் வந்துவிட்டது. வடிவு ஆச்சி. தண்ணி எடுக்கப் போனால் பெட்டைகள், "ஆச்சி, ஆண்டவர் லஸ்ஸனயா?" என்று வடிவுக்குச் சிங்களச் சொல்லைப் போட்டுக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் குனிந்துகொண்டு வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலும் உள்ளே போகாமல் வாசலோடு நின்றேன். காலையில் கோயிலைக் கண்டால் றோட்டின் மற்றக் கரையால் நடந்தேன். அந்த ஐந்து நிமிடம் போய்விட்டது. இரண்டு கிழமையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிசனின் சட்டையை எடுத்து மடித்து, திரும்ப எடுத்து மடித்துக்கொண்டிருப்பேன். பழைய வருடம் திரும்பி வருகிறது என்று பயம் வந்துவிட்டது.

வாடியில் என்னோடு வேலை செய்தவ ஒரு முஸ்லிம் மனிசி. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனத்தை மன்னாரிலிருந்து துரத்திவிட்டதில் உடுத்த உடுப்போடு இங்கே வந்தவ. என்னைவிட இரண்டு வயது மூப்பு. நான் ராத்தா என்று கூப்பிடுவேன், எனக்கு அவ புள்ள என்பா. இரண்டு பேரும் கிழவிகள்தான், ஆனாலும் அப்படித்தான்.

"என்ன புள்ள, ரெண்டு கிழமையா மூஞ்சிய உப்புல போட்ட மாதிரி வெச்சிருக்கிற?" என்று கேட்டா. அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவவும் சிரிப்பா என்றுதான் நினைத்தேன்.

கையில் இருந்த மீனைப் போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தா. "அந்த மனிசனுக்கு வடிவு எண்டா பொண்ணும் சேலையும்தானா? அவன்ட பொஞ்சாதி ஒரு நாளும் வடிவா உடுத்தி நிண்டிருக்க மாட்டா போல, பாவம்."

எனக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"அல்லா அழகானவன் எண்டு ஓதப் போன எடத்துல லெப்பை எங்களுக்குச் சொல்லித் தந்தவரு. சிரிச்சிருந்தா பிரம்பால வெளுத்திருப்பாரு. அழகு எண்டாலும் வடிவு எண்டாலும் ஒண்டுதானே புள்ள? நம்மட ஊருல நாம வேற என்ன சொல்லு சொன்னம்?"

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஊர்ப் பக்கத்துச் சொல். அந்தச் சொல்லுக்காக அவ என் பக்கம் நின்று கோபப்பட்டது பெரிய ஆறுதலாக இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதைத்தபடி மீனைப் பிரட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ராத்தா என் கையில் அடித்தா.

"கதைய உட்டுப்போட்டு வடிவாப் பாரு புள்ள! செவுளுக்குள்ள புழு."

பார்த்தேன். உண்மைதான். நான் பார்க்காமலே மற்றப் பக்கம் பிரட்டிவிட்டேன்.

அந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். வடிவாப் பார். நாங்கள் நாள் முழுக்க சொல்லுகிற சொல்தானே இது. வடிவாக் கழுவு, வடிவா மூடு, வடிவாப் பார். கவனமாக, குறை விடாமல் என்று அர்த்தம். சேலைக்கு மட்டும் சொல்லுகிற சொல்லா இது? எங்கள் ஊரில் அழகுக்கும் கவனத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம். வடிவாகப் பார்த்தால்தானே வடிவு தெரியும்! இரண்டு சொல்லுக்கு ஒரு படம் மாற்றுகிறவருக்கு இது எங்கே விளங்கப் போகிறது?

இதை நினைக்க எனக்குக் கோபம் இன்னும் கூடியது. ஆனால் கூடவே ஒரு குத்தலும் வந்தது. அன்றைக்குச் சிரிப்புக் கேட்டவுடன் நான் யாரைப் பார்த்தேன்? சிரித்தவர்களைத்தான். யார் சிரித்தது, எப்படிச் சிரித்தது என்று எல்லா முகமும் இன்றைக்கும் ஞாபகம். ஆண்டவர் அதே இடத்தில்தான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. அவர் என்னைத் திருத்தவும் இல்லை. அவருக்குத்தான் நான் முதுகைக் காட்டிவிட்டு வந்தேன். அந்தப் பிரசங்கியார் திரையால் மறைத்தார், நான் என்ரை கோபத்தால் மறைத்தேன். இது விளங்கினபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

பெரிய வெள்ளி வந்தது. பின்நேரம் மூன்று மணி வழிபாடு. அன்றைக்கு உள்ளே போனேன். சிலுவையை முத்தி செய்கிற, அதாவது முத்தமிடுகிற நேரம் எல்லாரும் வரிசையாகப் போனோம். மகள் எனக்குப் பின்னால் நின்றாள். சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணாவியார். ஒவ்வொருவரும் குனிய, முத்தி செய்ய, அவர் துணியால் துடைக்க, அடுத்த ஆள். பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுகிறது போல, "கெதியா, கெதியா, நிக்காம நகருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்ரை முறை வந்தது. நான் குனியவில்லை. நின்று பார்த்தேன்.

"ஆச்சி, கெதியா முத்தி செஞ்சிட்டுப் போங்க. பின்னால எத்தினை பேர்."

வாழ்க்கையில் இரண்டாம் தரம் கோயிலுக்குள் என் குரல் கேட்டது. இந்தத் தரம் மைக் இல்லை. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணாவியார். நான் இன்னும் வடிவாப் பார்க்கேல்லை."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் வாயில் வந்தது எனக்கே தெரிந்தது. காது இரண்டும் எரிந்தது. சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அண்ணாவியார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிலுவையைக் கொஞ்சம் தாழ்த்தி, என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

பழைய மரச் சுரூபம் அது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. விலாக் காயத்தில் நிறம் மங்கிப் போயிருந்தது. வலது முழங்காலில் நிறமே இல்லை, வெறும் மரம் தெரிந்தது. எல்லாரும் முத்தி செய்து முத்தி செய்து தேய்ந்த இடம். கடலுக்குப் போக முதல் என்ரை மனிசனும் அந்த இடத்தில்தான் வாய் வைப்பார். இத்தனை வருடம் நானும் அங்கேதான் முத்தி செய்திருக்கிறேன். ஒரு நாளும் அதை நான் பார்த்ததில்லை. அடித்து, ஆணி அறைந்து, ஆட்கள் சுற்றிநின்று பகிடி பண்ணின ஒருவர், அந்த முகத்தை ஒருவரிடமிருந்தும் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு சிரிப்பைத் தாங்க ஏலாமல் போய்விட்டதே.

"சரியான வடிவு" என்று எனக்கு மட்டும் கேட்கத்தக்கதாகச் சொல்லிவிட்டு முத்தி செய்தேன். நிமிர்ந்து, வரிசையை விட்டு விலகி, நாலு அடி பின்பக்கமாகவே நடந்தேன்.

என்ரை மகளும் கெதியாகக் குனியவில்லை. நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். வழிபாடு முடிய நன்றாகப் பிந்திவிட்டது. வாசலில் யாரோ, "வடிவு ஆச்சியால எல்லாம் சுணங்கிப் போச்சு" என்று புறுபுறுத்தது கேட்டது. சுணங்கட்டும்.

அடுத்த தவக்காலத்துக்கும் அதே பிரசங்கியாரைக் கூப்பிட்டார்கள், அதே திரை வந்தது. நான் நேரத்தோடு போய், பாயை எடுத்துக்கொண்டு திரையைத் தாண்டிப் பீடத்துப் பக்கம், கதிர்ப்பாத்திரத்துக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். எழும்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் என்ரை வயதுப் பொம்பிளைகள் இன்னும் இரண்டு பேர் தங்கள் பாயோடு வந்து பக்கத்தில் இருந்தார்கள்.

திரையைக் கண்டால் எனக்கு இப்பவும் கோபம் வரும், அது போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் எவ்வளவு கோபம் வந்தாலும் முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டுதான் கோபப்படுகிறேன்.