பதிவில் வராத கட்டளை

நான் வேலை பார்க்கும் அலுவலகம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். தோட்டத்து மோட்டாரைக் கைபேசியிலிருந்து நிறுத்த ஒரு பெட்டி விற்கிறோம். பெட்டியைச் செய்வது வேறு ஆட்கள். கைபேசி சொல்வதைப் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிரல் எங்களுடையது. அந்த நிரலை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். நாங்கள் ஒரு பெண்ணுக்குச் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் பாதிக் கோபம் என் மேல்தான்.

கைபேசிக்கும் எங்கள் சர்வருக்கும் நடுவில் உள்ள இணைப்பில் செய்திகள் தனித்தனியாக வருவதில்லை. வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே ஓட்டமாக வரும். ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அனுப்புகிற பக்கம், ‘இத்தனை பைட் வருகிறது’ என்று முதலில் ஒரு எண்ணைச் சொல்லும். வாங்குகிற பக்கம் அத்தனை பைட்டை எண்ணி எடுத்துக்கொள்ளும். இதை ஒவ்வொரு முறையும் நாங்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, லைப்ரரி என்கிற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றுக்கு மேல் எங்கள் முதலாளியே ஒரு உறை எழுதி வைத்திருந்தார். ரேப்பர் என்போம். அனுப்பு என்றால் அனுப்பும், வாங்கு என்றால் வாங்கும். அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எங்களில் எவனுக்கும் தோன்றியதில்லை. சார் எழுதியது, அதில் தப்பு இருக்காது என்று ஒரு குருட்டு நம்பிக்கை.

அந்தப் பெண் முதல்முறை அழைத்தபோது போனை எடுத்தது நான். தொப்பம்பட்டிப் பக்கம் ஊர். சின்ன வெங்காயம் போட்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி, மோட்டார நிறுத்துனனுங்க. நின்னுருச்சுன்னு போன்லயே வந்துச்சுங்க. காட்டுக்குப் போயிப் பாத்தா ஓடிட்டே இருக்குதுங்க. பாத்தியெல்லாம் தண்ணி கட்டி நிக்குது.”

மும்முனைக் கரண்ட் வந்ததும் அவர் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். போதும் என்றால் அவர்தான் கைபேசியில் அமுக்கி நிறுத்தவேண்டும். நான் சர்வர் பதிவைத் திறந்து பார்த்தேன். நிறுத்தச் சொல்லி அவரிடமிருந்து ஒரு கட்டளையும் வந்திருக்கவில்லை. “எங்களுக்கு எதுவும் வரலையேம்மா. நீங்க சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! வெங்காயத்துக்குத் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும் என்பது திண்டுக்கல்லில் பிறந்த எனக்குத் தெரியாதா?

இரண்டாவது அழைப்பில் கொஞ்சம் விவரம் சொன்னார். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று கணவரின் தம்பி சொல்லிக்கொண்டிருக்க, இவர்தான் சண்டை போட்டு, ஒரே ஒரு போகம் தன் பொறுப்பில் விடும்படி கேட்டு வாங்கியிருக்கிறார். “இது கெட்டுப்போச்சுன்னா காடு எங் கைய விட்டுப் போயிருமுங்க” என்றார். நான் மறுபடி பதிவைப் பார்த்தேன். மறுபடி அதே பதிலைச் சொன்னேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. பின்னால் ஒரு ஆண்குரல், “கம்பெனிக்காரங்களே சொல்லிப்போட்டாங்க, அமுக்கவே இல்லீன்னு. அப்பறம் என்ன பேச்சு?” என்றது. கொழுந்தனாராக இருக்கவேண்டும். என் வாயிலிருந்து வந்ததை அந்த ஆள் சாட்சியாக எடுத்துக்கொண்டான், நானும் பேசாமல் போனை வைத்தேன்.

மூன்றாவது முறை அவர் பேசி வாதாடவில்லை. கைபேசித் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். ‘நிறுத்தப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் இருந்தது. அதற்கு மேலே மோட்டாரின் பெயர்: கிணறு.

பெட்டி மாட்டப் போகிற ஆள், மோட்டார் ஒன்று, மோட்டார் இரண்டு என்று ஆங்கிலத்தில் பெயர் போட்டுக் கொடுத்துவிட்டு வருவான். எல்லாரும் அதை அப்படியே விட்டிருந்தார்கள். இவருக்குக் கிணற்றில் ஒன்று, போர்வெல்லில் ஒன்று. எது எது என்று குழம்பாமலிருக்கத் தமிழில் மாற்றி வைத்திருந்தார். புத்தியுள்ள எவரும் செய்கிற காரியம்.

நானும் கிணறு என்று போட்டு நிறுத்திப் பார்த்தேன். பச்சை வந்தது, சர்வரில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத்தான் உறையைத் திறந்தேன். அது பைட்டை எண்ணவில்லை, எழுத்துக்குறியை எண்ணிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஆகவே எதை எண்ணினாலும் ஒன்றுதான். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். கட்டளையோடு போகிற கிணறு என்ற பெயரில், கி, று இரண்டின் துணைக்குறிகளையும் சேர்த்தால் ஐந்து குறி. அதற்குப் பதினைந்து பைட் வேண்டும், உறை ஐந்து என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. வாங்குகிற பக்கம் ஐந்தை எடுத்துக்கொண்டு அரைகுறைப் பெயரை வைத்து விழித்திருக்கிறது. மிச்சம் பத்தையும் வாரிக் கொட்டிவிட்டு, இணைப்பைத் துண்டித்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி இணைந்திருக்கிறது. பதிவில் ஒரு வரி எழுதவில்லை. பச்சை நிறமோ, பெட்டி பதில் சொல்லி வந்ததல்ல. செய்தியை வாய்க்காலில் விட்டாயிற்று என்பதற்கே உறை ‘சரி’ என்று சொல்லிவிடும்.

ஆறு பேரும் தமிழர்கள். டீக்குத் தமிழில் சொல்கிறோம், தமிழில் சண்டை போடுகிறோம், கெட்ட வார்த்தை அத்தனையும் தமிழ். வாங்குகிறவர்கள் ஒட்டன்சத்திரத்திலும் ஆத்தூரிலும் சேவுகம்பட்டியிலும் விவசாயம் பார்க்கிறவர்கள். ஆனால் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தால் எங்கள் விரல் ஏபிசி என்றுதான் அடித்திருக்கிறது. ஒருத்தனாவது ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை அடித்துப் பார்த்திருந்தால்? நான் அடித்துப் பார்த்திருந்தால்?

முதலாளியிடம் காட்டினேன். செத்த நேரம் பார்த்தார். “இம்புட்டுத்தானா? பேருல தமிழ் அடிக்க முடியாதபடி ஆப்ல பூட்டிரு. வேல முடிஞ்சது.”

“அந்தம்மாகிட்ட என்ன சார் சொல்ல?”

“ஒண்ணும் சொல்லாத. ஒருத்தருகிட்ட ஒத்துக்கிட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்.”

“அவங்க வெள்ளாம போச்சு சார். பொய் சொல்றாங்கன்னு நம்ம வாயால சொல்லியிருக்கோம்.”

“நம்ம இல்லப்பா, நீ சொன்ன” என்றார்.

அதற்கு மேல் அவரிடம் பேச எனக்குப் பிடிக்கவில்லை. பூட்டு எதுவும் போடவில்லை. முதலில் பைட்டாக மாற்றி, பிறகு எண்ணும்படி திருத்தினேன். ஒரு வரிதான் மாறியது. பெட்டியே பதில் சொன்னால்தான் பச்சை வரவேண்டும் என்று இன்னும் கொஞ்சம் எழுதினேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஒட்டன்சத்திரம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். போனில் சொல்லி முடித்துக்கொள்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை.

காட்டில் அவரும் கொழுந்தனாரும் இருந்தார்கள். பாதிப் பாத்திகளில் தாள் மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தது. அழுகல் நாற்றம் வரப்பிலேயே அடித்தது. நான் யாரென்று சொன்னதும் அவர் முந்திக்கொண்டார்.

“நீங்க சொன்னதுதான் சரிங்க தம்பி. நாந்தான் தப்பா அமுக்கிட்டனாட்ட இருக்குது. இத்தன தூரம் எதுக்குங்க வந்தீங்க?”

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. “இல்லம்மா, நீங்க அமுக்கினது சரி. மூணு தடவையும் சரி. தப்பு எங்க பேர்ல” என்று கொழுந்தனாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “இத அன்னைக்கே சொல்லியிருக்கோணுமுங்க. அண்ணனுஞ் சரின்னு சொல்லி, நேத்துத்தானுங்க குத்தகைக்கு வாக்குக் குடுத்தோம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பெண் குனிந்து ஒரு வெங்காயத்தைப் பிடுங்கினார். கையில் கூழாக வந்தது. அதை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். இதுவரை இருந்த பணிவு குரலில் இல்லை.

“மூணு தடவ சொன்னனே தம்பி. ஒரு தடவையாச்சும், இந்தப் பொம்பள சொல்றது நெசமா இருக்குமோன்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?”

தோன்றவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.