நஜ்மாவுக்கு விலை ஏறிய விதம்

1. முதல் நாள்

எங்கள் ஊர் உக்குவளையில் மாடு பார்த்தவனுக்குக் குதிரை என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் டுபாய்க்குப் போனேன். முதல் நாளே நஜ்மா என்ற சாம்பல் நிறப் பெண்குதிரை என் தோளைக் கடித்துவிட்டது. அர்பாப் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கடிச்சா ஒன்னய புடிச்சிருக்குன்னு அர்த்தம், ஹனீபா." அவர் அரபியில் சொன்னதை நம்ம பேச்சில் எழுதுகிறேன்.

2. விலை எதில் இருக்கிறது

அரபுக் குதிரைக்குத் தாய்வழிதான் முதல் விலை. தகப்பன் எவ்வளவு பேர் வாங்கியிருந்தாலும், "தாய் யாரு?" என்றுதான் கேட்பார்கள். அடுத்தது முகம். கண் பெரிதாக இருந்து, அதற்குக் கீழே மூக்குத்தண்டு குழிந்து இறங்க வேண்டும். பிறகு வால். ஓடும்போது கொடி மாதிரி தூக்க வேண்டும். நஜ்மாவிடம் எல்லாம் இருந்தது. ஒரே குறை, அந்நியர் முன்னால் தூங்குமூஞ்சி. என்னைக் கண்டால்தான் துள்ளல் எல்லாம்.

3. விற்பனை நாள்

"நெனச்ச வெல வரலன்னா விக்க மாட்டேன். இங்கயே நிக்கட்டும்" என்று அர்பாப் சொல்லியிருந்தார். அந்த விலை வரவே கூடாது என்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு அழுது துஆ கேட்டேன்.

அவளை வேறொருவன் நடத்தினான். நான் தண்ணீர் பவுசர் லொறிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். நஜ்மா தலையைத் தொங்கப்போட்டாள். வாங்க வந்தவர்கள் போனை நோண்டத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருநாள்.

அர்பாப் சுற்றிப் பார்த்தார்.

"ஹனீபா எங்க? முன்னால வந்து நில்லு!"

போனேன். வேறென்ன செய்ய? அவளைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு அது போதும். கழுத்தை வளைத்து, வாலைத் தூக்கி, கனைத்துக்கொண்டு என்னிடம் வரப் பார்த்தாள். போன்கள் எல்லாம் படம் பிடிக்க உயர்ந்தன. அர்பாப் நினைத்ததற்கு மேலேயே விலை போனது. லொறியில் ஏற்றவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யார் சொன்னாலும் ஏற மாட்டாளே.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது த்ரீவீலர் ஓட்டுகிறேன். ரயில் கேட்டில் காத்திருக்கும்போது தோளைத் தடவிக்கொள்வேன். "இன்னமும் அந்தக் குதிரதானா?" என்று மனைவி கிண்டல் செய்வாள். ஆமாம், இன்னமும்தான்.

குதிரை வேலைக்குப் போகிற தம்பிமாரே, தாய்வழி, முகம், வால் எல்லாம் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் குதிரை வைக்கும் பாசத்தையும் விலையில் சேர்த்துத்தான் விற்பார்கள். என்னைக் கண்டு துள்ளாத குதிரையாக இருந்திருந்தால் நஜ்மாவை விற்றிருக்க மாட்டார்கள். நானும் இன்றைக்கு அவள் பக்கத்தில்தான் இருந்திருப்பேன்.