இணைச்சீர்ப் புடவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டுச்சேலை எடுக்கப் போனவர்களுக்கு உஷாராணியைத் தெரியாமல் இருக்காது. விரித்த சேலையைத் தன் தோளில் போட்டு, "எனக்கே இவ்வளவு எடுப்பா இருக்குதே, உங்களுக்குக் கேக்கோணுமாக்கா?" என்று சிரிக்க வைக்கிற திருநங்கை அவள்.

பிறந்த ஊரான புதுச்சத்திரத்தில் தம்பி மதனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே மார்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டாள். கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவளைப் புடவையால் இணைத்து நிறுத்துவதுதான் இணைச்சீர். அந்த வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. உடம்பும் பெண்ணாகிவிட்டால் இணைச்சீருக்குத் தன்னையே கூப்பிடுவார்கள் என்று நம்பினாள்.

சிகிச்சைக்குப் பிறகு நெஞ்சில் கல்லைக் கட்டியது போலிருந்தது. மல்லாந்தேதான் தூங்கினாள். தலைசீவக்கூடக் கை எழும்பவில்லை. அந்த வலியோடுதான் வேலைக்குத் திரும்பினாள்.

ஒருநாள் அம்மா மயிலம்மாள் கடைக்கு வந்தாள். "இணைச்சீருக்குப் பொடவை வேணும் சாமி. நீயே பாத்து எடு."

உஷாராணி பல்லைக் கடித்துக்கொண்டு மேல்தட்டிலிருந்து அரக்குச் சிவப்பை எட்டி எடுத்தாள். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். "எனக்கு நல்லா இருக்குதுங்களாம்மா?"

மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "உன்ற சித்தப்பன் மவ பிரீத்திதான் நிக்கறா, கண்ணு. நானு என்ன பண்ணட்டும்? உங்கப்பன் ஒத்துக்கல."

உஷாராணி சேலையைக் கசங்காமல் மடித்தாள். "அப்பப் பச்சை எடுங்கம்மா. பிரீத்திக்கு அதுதான் நல்லா இருக்கும்."

கல்யாணத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. தையல் ஆறி இப்போது தேறிவிட்டாள். அதே கடையில் சேலை விற்கிறாள். சேலத்திலேயே ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள்.