ஒரு கட்டு அடம்பங்கொடி

எங்கள் வயல் அழிந்ததற்குப் புயல்தான் காரணம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புயலுக்கு முன்னாலேயே ஊர் அந்த வேலையை முடித்து வைத்திருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போவதற்குக் கொஞ்சம் முந்தி. திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி எங்கள் நெல்வயல். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. மேடு முழுக்க அடம்பங்கொடி படர்ந்து ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். அதை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை.

நடவுக்கு முன்னால் சேற்றில் தழை போட்டு மிதிப்பது வழக்கம். பூவரசு, எருக்கு, எது கிடைத்தாலும் சரி. ஒரு வருஷம் தழை கிடைக்கவில்லை. அப்பா மேட்டுக்குப் போய் அடம்பங்கொடியை ஒரு கட்டு அறுத்துவந்து மிதித்தார். அந்தப் போகம் பயிர் கருகருவென்று வந்தது. கொடியால் வந்ததோ மழையால் வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் ஊர் பார்த்துவிட்டதே! மறுவருஷம் பக்கத்து வயல்காரர் அறுத்தார். அவரைப் பார்த்து அவர் மச்சான். பிறகு அடம்பு மிதிக்காதவன் விவசாயியே இல்லை என்றாகிவிட்டது. கொடி போன இடத்தில் மணல் பறந்தது. சோற்றில் நறநறத்தது. காற்றுக்காலம் என்று சொல்லித் துப்பிவிட்டுச் சாப்பிட்டோம்.

கார்த்திகையில் புயல் அடித்தது. முன்பும் அடித்த புயல்தான். முன்பெல்லாம் கடல் மேட்டில் முட்டித் திரும்பிப் போகும். மேடுதான் மணலாய்ப் பறந்து தரையாகிவிட்டதே, இந்த முறை கடல் நேரே வயலுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபோது பயிர் வெந்த கீரையாகக் கிடந்தது. அப்பா சேற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு இருந்தது அந்த வயல் ஒன்றுதான்.

மறுநாள் வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டார். "எவன்டா மேட்ட மொட்டையடிச்சது?"

"நான் ஒரு கட்டுதாங்க அறுத்தேன்."

"நானும் ஒரு கட்டுதான் மாமா. எல்லாரும் எடுக்கறாங்களேன்னு எடுத்தேன்."

யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

புகார் கொடுக்க மேரிக்குக் கிளம்பினார். ஊர் நிர்வாகம் பார்க்கும் அலுவலகத்தை அப்படித்தான் சொல்வோம். கோபத்தில் ஏதாவது செய்துவிடுவாரோ என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள்.

"யார் மேல புகாருங்க?" என்றார் குமாஸ்தா.

"ஊரு மேல."

"ஊரு மேலல்லாம் எழுத முடியாதுங்க. மொதல்ல அறுத்தது யாரு? அந்தப் பேரச் சொல்லுங்க."

அப்பா தன் பெயரைச் சொன்னார்.

"குடுக்கறவரு பேரு இல்லீங்க. அறுத்தவரு பேரு."

"அதத்தாங்க சொல்றேன்."

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பாவ வீட்டுக்கு அழைச்சிட்டுப் போம்மா."

அடுத்த வருஷம் நாற்று வேர் பிடிக்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. கடல் பொங்கும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அப்பா எங்கிருந்தோ அடம்பங்கொடி கொண்டுவந்து, மேடு இருந்த இடத்தில் நட்டார். காற்று பிடுங்கிப் போட்டது. மறுபடி நட்டார். சாகும்வரை நட்டார். அன்றைக்கு ஒரே ஒரு கட்டு அறுத்தார், ஊரே பார்த்து அறுத்தது. இத்தனை வருஷம் நட்டாரே, பாவி மனுஷன், அதைப் பார்த்து ஒருத்தர்கூட நடவில்லை.